பார்த்தால் மட்டும் அடிக்கும் போன்

பார்த்துக்கொண்டிருந்தால் அடிக்கும், பார்க்காமல் இருந்தால் அடிக்காது. இப்படி ஒரு போன் உண்டா என்று பிரேம்கடைக்காரர் யாரிடம் போய்க் கேட்பார்? கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அவர் கண்டது அதுதான். போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தெருமுனையிலிருந்து மச்சினனைக் கூப்பிடச் சொன்னால் கடையே அதிர அடிக்கும். சரி, நன்றாகத்தானே இருக்கிறது என்று மேசைமேல் வைத்துவிட்டு வேலையில் குனிந்தால் கல்லாய்க் கிடக்கும். சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பார்த்தால், கூப்பிட்டு ஓய்ந்தவர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

மற்றவர்களின் அழைப்பு என்றால் போகட்டும் என்று விடலாம். கல்யாணப் படத்துக்குப் பிரேம் போடச் சொன்னவர் மறுபடி கூப்பிடுவார், இல்லையென்றால் நேரில் வந்து திட்டுவார். ஆஸ்பத்திரி அப்படியில்லை. போன வாரம் ஆஸ்பத்திரி கூப்பிட்டிருந்தது. அதுவும் இரண்டு தடவை. அப்போது போன் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அவர் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் கருவிழி மங்கிப்போயிருந்தது. டாக்டர் அவர்களுக்குப் புரிகிற பாஷையிலேயே சொல்லியிருந்தார். "நீங்க பிரேம் போடுறவங்கதானே? உள்ள படம் நல்லாத்தான் இருக்கு. முன்னாடி இருக்குற கண்ணாடிதான் பனி படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. எவ்வளவு துடைச்சாலும் போகாது. கண்ணாடியையே மாத்தணும்." அந்தக் கண்ணாடி கடையில் வாங்குகிற பொருளில்லை. இறந்துபோன யாரோ ஒருவர் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வந்தவுடன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள், உடனே கிளம்பி வர வேண்டும். எடுக்கவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. அந்தக் கண் காத்திருக்காது.

இதற்காகத்தான் அந்த டச் போனையே வாங்கினார்கள். தெருவில் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களிடம்தான் அது இருந்தது. பழைய பட்டன் போனின் குரல் கம்மிப்போய், மரம் அறுக்கிற சத்தத்தில் காதில் விழாமல் இருந்தது. போன்கடையில் விற்பனைப் பெண் இந்தப் போனை மேசைமேல் மல்லாக்க வைத்து அடித்துக் காட்டியபோது, அடுத்த அறையில் இருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றாள். மனைவி முகத்தை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டு, "ஒரு எட்டு தெரியுதுங்க, இல்ல மூணு" என்றாள். மூன்றுதான். அன்றைக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

போனை மனைவியிடமே விட்டுவைக்கவும் பார்த்தார்கள். சரிப்படவில்லை. எடுப்பதற்கு ஒரு பக்கம் தள்ள வேண்டும், வைப்பதற்கு இன்னொரு பக்கம். பட்டனாக இருந்தால் விரல் தடவிக் கண்டுபிடிக்கும். இதிலோ எல்லாமே வழுவழுப்பு. அவள் தொட்ட முதல் அழைப்பைத் துண்டித்தாள், இரண்டாவதையும் துண்டித்தாள், பிறகு தொடவே பயந்தாள். ஆகவே பகலில் போன் அவரோடு கடைக்குப் போகும், சாயங்காலம் வீட்டுக்கு வரும். வீட்டில் ஒழுங்காக அடித்தது. கடையில்தான் அடிக்கவில்லை.

தவறிப்போன அழைப்பைப் பார்த்ததும் அவர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். அங்கிருந்த பெண் கோபமே இல்லாமல் பேசினாள்.

"கூப்பிட்டோமே சார். ரெண்டு தடவை கூப்பிட்டோம். எடுக்கலன்னதும் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு."

"போன் அடிக்கவே இல்லம்மா. பக்கத்துலதான் இருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, இந்த நம்பர நம்ப முடியாதுன்னு உங்க வீட்டம்மா பேர லிஸ்ட்டுல கீழ தள்ளிடுவாங்க. நான் சொல்றது உங்க நல்லதுக்கு."

அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். மனைவி உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். விரலால் தடவித் தடவி, ஒரு பொட்டுத் தோல்கூட மிச்சமில்லாமல் சீவுவாள். கை நிற்கவில்லை.

"சரி விடுங்க. யாரோ ஒருத்தருக்கு இப்போ தெரியும்ல."

அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

*

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, முடித்த பிரேம்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவன். ஊரெல்லாம் சுற்றுகிறவனுக்கு ஊரளவு வாய்.

"மாமா, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"அப்ப கேக்காத."

"போன்ல ஒண்ணும் இல்ல. எனக்கென்னவோ உங்க காதுமேலதான் சந்தேகம்."

"என் காதுக்கு என்னடா?"

"காலம் பூரா ரம்பம் ஓட்டுறீங்கள்ல? அக்காவுக்குக் கண்ணு, உங்களுக்குக் காது. ஒருத்தர் கேட்டுச் சொல்லணும், ஒருத்தர் பாத்துச் சொல்லணும். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆள் வரும்."

"உன்னையும் சேத்துக்க. வாய்க்கு ஆள் வேணும்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் எல்லாச் சத்தத்தையும் சோதிக்க ஆரம்பித்தார். குழாய் சொட்டுவது கேட்கிறதா? கேட்கிறது. பக்கத்துக் கடையில் சாவி ராவுவது? கேட்கிறது. ஒருநாள் இரவு சாப்பிடும்போது, மனைவி அடுப்பங்கரையிலிருந்து ரொம்ப மெதுவாக, "உப்பு போதுமா?" என்றாள். "போதும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, அதைவிட மெதுவாக, "இன்னொரு ரொட்டி வைக்கட்டுமா?" என்றாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஏம்மா, என் காதச் சோதிக்கிறியா?"

"தம்பி சொன்னான். சும்மா பாத்தேன்." ரொட்டியைக் கொண்டுவந்து தட்டில் வைத்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதில் நிம்மதியும் இருந்தது, ஏமாற்றமும் இருந்தது. காதில்தான் கோளாறு என்றால் அதற்காவது ஒரு வைத்தியம் இருக்கும்.

போன்கடைக்குத் திரும்பப் போனார். விற்பனைப் பெண் போனை வாங்கி, கண்ணாடித் தட்டின்மேல் வைத்து, தன் போனிலிருந்து கூப்பிட்டாள். கணீரென்று அடித்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அடித்தது.

"பாருங்க சார், நல்லாத்தானே இருக்கு?"

"இங்க அடிக்குதும்மா. என் கடையிலதான் அடிக்க மாட்டேங்குது."

"அப்ப உங்க கடையிலதான் சார் ஏதோ இருக்கு."

நியாயமான பேச்சுதான். கடையில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பக்கத்துக்கடைச் சாவிக்காரர் பதில் கண்டுபிடித்தார். தேநீரை உறிஞ்சிக்கொண்டே கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று சுவரிலும் முகம் பார்க்கும் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாவிக்காரர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி என்ன பூசியிருக்கு?"

"வெள்ளிப் பூச்சு. அதுக்கு மேல பெயிண்ட்டு."

"வெள்ளின்னா உலோகம்தானே? டவர்லேர்ந்து வர்ற அலை உலோகத்துல பட்டா என்ன ஆகும்? திரும்பிப் போயிடும். லிஃப்டுக்குள்ள போன் எடுக்காதுல்ல? நீங்க ஒரு பெரிய லிஃப்டுக்குள்ள உக்காந்து வியாபாரம் பண்றீங்க."

கேட்கக் கேட்கப் பிரேம்கடைக்காரருக்கு உடம்பு லேசானது. காரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டது. அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டு, மச்சினனும் அவருமாகக் கண்ணாடிகளையெல்லாம் உள்ளறைக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார்கள். வாசலை ஒட்டி, வானம் தெரிகிற இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஒரு துண்டுக் கம்பளியை விரித்து, போனைப் பூப்போல வைத்தார். மதியம் எடுத்துப் பார்த்தால் இரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. இரண்டும் வீட்டிலிருந்து. அடுத்த வீட்டுக்காரியின் போனை வாங்கி மனைவி கூப்பிட்டிருக்கிறாள். அவர் அதே வாசலில், போனுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு பிரேமுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. கண்ணாடியில் ஒரு கோடு கிழிப்பார், நிமிர்ந்து போனை எடுத்துப் பார்ப்பார், ஒன்றுமில்லை என்று வைப்பார். மறுபடி குனிவார். கண்ணாடி அறுப்பது அப்படி விட்டு விட்டுச் செய்கிற வேலையில்லை. வைரமுனையை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், நடுவில் கை தயங்கினால் வெடிப்பு கோட்டை விட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்கு ஓடும். அந்த வாரம் ஓரம் கோணிய கண்ணாடிகள் மூலையில் சேர்ந்துகொண்டே போயின.

"மாமா, போன சட்டைப் பையில போட்டுக்கங்களேன்."

"குனிஞ்சா விழுந்துடுது. நேத்து விழப் பாத்து, புடிச்சேன்."

"பேன்ட் பையில?"

"நாள் பூரா மேசைமேல சாஞ்சு நிக்கிறவன்டா நான். நெரிஞ்சு உடைஞ்சுதுன்னா அதுவும் போச்சு."

"அப்ப கழுத்துல கட்டித் தொங்கவிடுங்க, மாட்டுக்கு மணி மாதிரி."

"நீ வண்டிய எடுத்துட்டுப் போறியா, இல்லையா?"

*

மறுநாள் காலையில் அவர் கிளம்பும்போது மனைவியும் சேலையை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நானும் வர்றேன்."

"அங்க வந்து என்ன பண்ணப் போற?"

"உக்காந்திருக்கேன். எனக்குக் கண்ணுதான் சரியில்ல."

கண் மங்குவதற்கு முன்பு அவளும் அதே மேசையில் வேலை செய்தவள்தான். படத்தைச் சுற்றி வைக்கிற அட்டையில் ஓரத்தைச் சாய்வாக வெட்டுவது அவள் வேலை. அந்தக் கடைக்குள் கால் வைத்துப் பல மாதம் ஆகியிருந்தது. உள்ளே வந்ததும் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய், தான் வழக்கமாக நிற்கும் மூலையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேசைமேல் விரித்திருந்த தடித்த கம்பளியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள். காலையில் அதைத் தூசு தட்டிப் பிரஷ் போட்டாரா என்று பார்த்திருப்பாள். ஒரு மணல் அதில் இருந்தாலும் கண்ணாடியில் கீறல் விழும்.

"தம்பி, நீ தெருமுனைக்குப் போ. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடு. எப்பன்னு சொல்லாத." பிறகு கணவரிடம், "நீங்க தினமும் எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. என்னை மறந்துடுங்க."

"உன்னை எங்க மறக்குறது?"

"கிண்டல அப்புறம் வச்சுக்கலாம்."

அவர் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கம்பளிமேல் வைத்தார். ஒரு படத்தை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் பிரேமுக்குள் கவிழ்த்தார், படத்தைக் கவிழ்த்தார், பின்னட்டையை வைத்தார், ஆணி அடிக்க ஆரம்பித்தார். மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுத்தியல் நிற்கும்போதெல்லாம் கடை மௌனமாகிவிடும். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். அது போனதும் மறுபடி மௌனம்.

"இப்ப கூப்பிட்டுக்கிட்டு இருப்பான்" என்றாள் மெதுவாக.

"இல்லம்மா. கூப்பிட்டா அடிக்காதா?"

"அதுதானே நம்ம கஷ்டமே."

அவள் கையை நீட்டிக் கம்பளியைத் துழாவினாள். போன் தட்டுப்பட்டது. தூக்கவில்லை, தடவித்தான் பார்த்தாள். விரல் ஒரு சின்னக் குழியில் நின்றது. அது போனின் முதுகில் இருக்கும் காமிராவின் கண். வீட்டில் அவள் போனைக் கையில் வாங்கினால் முதலில் அந்தக் குழியைத்தான் தேடுவாள். குழி மேசையைப் பார்க்கிற மாதிரி வைத்தால் வெளிச்சம் மேலே இருக்கும், எழுத்தும் அவள் பக்கம் இருக்கும்.

"ஏங்க, இத ஏன் குப்புறப் போட்டிருக்கீங்க?"

"பின்ன எப்படி வைக்கிறதாம்? கண்ணாடியாச்சே."

அது அந்த மேசையின் சட்டம். முகமுள்ள எந்தப் பொருளும் அங்கே முகம் கீழேதான் இருக்கும். முகத்தை மேலே வைத்தால் சுத்தியல் விழும், ஆணி விழும், பசை சொட்டும். பிரஷ் போட்ட கம்பளியில் கவிழ்ந்து கிடக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. அவர் கை அதை யோசித்துச் செய்வதில்லை. போன் வாங்கிய மறுநாளே அதையும் அப்படித்தான் வைத்தது. முக்காலியில் கம்பளி விரித்து வைத்தபோதும் அப்படித்தான்.

அவள் போனை எடுத்துத் திருப்பினாள். திருப்பியதுதான் தாமதம், அது கையிலேயே அலறியது. அவள் திடுக்கிட்டுக் கீழே போடப் பார்த்தாள். அவர் சுத்தியலைப் போட்டுவிட்டுத் தாவி வந்தார்.

"எடுக்காதீங்க! இருங்க, இருங்க." அதைப் பழையபடி குப்புற வைத்தாள். வாயைப் பொத்தின மாதிரி நின்றுவிட்டது. மல்லாக்கத் திருப்பினாள். தெருமுனையில் மச்சினன் பொறுமையிழந்து மறுபடி கூப்பிட்டிருக்க வேண்டும், கொஞ்சம் கழித்து முழுக்குரலில் அடித்தது. குப்புற வைத்தாள். நின்றது.

"உள்ள யாரோ உக்காந்துக்கிட்டு, மேல எது கீழ எதுன்னு பாக்குறாங்க" என்றாள்.

அப்படிச் சொன்னதில் பெரிய தப்பில்லை. அந்தப் போனுக்குள் கடுகளவுக்கும் சிறிதாக ஓர் உறுப்பு இருந்தது. அதற்குள், தலைமுடியைவிட மெல்லிய கால்களில் ஒரு துணுக்கு நிற்கும். பூமி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அது துளி சாயும். அந்தச் சாய்வை வைத்துத்தான் போனுக்குத் தான் நிற்கிறோமா, படுத்திருக்கிறோமா, கவிழ்ந்திருக்கிறோமா என்று தெரியும். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் படமும் கூடவே படுப்பது அதனால்தான். செய்தவர்கள் அதை வைத்து இன்னொரு வசதியும் பண்ணியிருந்தார்கள். நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் போன் அடித்தால் பட்டனைத் தேடித் தடுமாற வேண்டாம், கவிழ்த்துப் போட்டால் போதும், அடங்கிவிடும். கவிழ்ந்தே கிடந்தால் வாயே திறக்காது. தினமும் காலையில் கடைக்கு வந்ததும், சத்தம் போடாதே என்று தன் கையாலேயே அதற்கு உத்தரவு போட்டுவிட்டு, ஏன் சத்தம் போடவில்லை என்று நாள் முழுக்கத் தவித்திருக்கிறார் பிரேம்கடைக்காரர். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் நிமிர்த்தித்தானே பார்த்தார்? அதனால்தான் பார்த்தால் அடித்தது.

அவருக்கு விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. போனின் ஓரத்தில் பிரேமுக்குக் கொடுக்கும் மர ஆப்பைச் செருகி, எவ்வளவு சாய்ந்தால் குரல் வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். ஆப்பை இன்னும் கொஞ்சம் தள்ளினார். மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"போதும். தம்பி லைன்லயே இருக்கான். இந்த நேரம் பாத்து ஆஸ்பத்திரில கூப்பிட்டா?"

அவர் ஆப்பை அப்படியே போட்டார். வாசலுக்கு ஓடி, தெருமுனையைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினார். "வைடா! போன வைடா! வாடா இங்க!"

மச்சினன் மூச்சிரைக்க வந்து நின்றான். விஷயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து சிரித்தான். "அப்ப உங்க காது நல்ல காதுதானா மாமா? எங்கம்மாகிட்டகூடச் சொல்லிட்டேனே!" அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. அவள் போனைக் கம்பளிமேல் மல்லாக்க வைத்து, அதன்மேல் எதுவும் விழாமலிருக்க ஒரு காலிப் பிரேமைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பேசுங்க. சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க. பேரக் கீழ தள்ளிடப் போறாங்க."

பேசினார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். "சரி சார், நீங்க சொல்றத அப்படியே எழுதிக்க முடியாது. நானே இன்னைக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்குறேன். எப்பன்னு சொல்ல மாட்டேன். எடுத்தீங்கன்னா பேரு இருக்குற எடத்துலயே இருக்கட்டும்."

அதன்பிறகு அந்தக் கடையில் நேரம் நகர மறுத்தது. மச்சினன் வண்டியை எடுக்கவேயில்லை. கொண்டுபோக வேண்டிய பிரேம்கள் கயிறு கட்டியபடி கிடந்தன. சாவிக்காரர் எட்டிப் பார்த்தார், விஷயம் தெரிந்ததும், "கண்ணாடியெல்லாம் மறுபடி மாட்டிடலாம்ல?" என்று கேட்டுவிட்டுத் தன் ராவும் மிஷினை நிறுத்திவைத்தார். அவித்த முட்டையும் ரொட்டியும் பொட்டலம் பிரிக்காமல் ஆறின. வேலை செய்தால்தான் இது சரியான சோதனை என்று மனைவி சொன்னதால், பிரேம்கடைக்காரர் ரம்பத்தை எடுத்துக் கட்டை அறுக்கத் தொடங்கினார். எதை அறுக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. ரம்பச் சத்தத்துக்கு நடுவில், மங்கிய வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது, போன் அடித்தது.

ரம்பத்தையும் மீறி அடித்தது.

"எடுங்க, எடுங்க!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எடுக்க வேண்டியவரும் சேர்த்து. கையில் ஒட்டியிருந்த மரத்தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பச்சைக் குறியைத் தள்ளினார்.

"நான்தான் சார், ஆஸ்பத்திரிலேர்ந்து. இது சும்மா சோதனைதான், பதறாதீங்க. சரி, உங்க வீட்டம்மா பேரு அங்கேயே இருக்கு. கண் வந்தா இந்த நம்பருக்கே கூப்பிடுறோம்."

அவர் தலையை ஆட்டினார். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது நினைவுக்கு வர ஒரு கணம் ஆனது. பக்கத்தில் மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரொம்ப நன்றிம்மா."

"ஆமா, அப்படி என்னதான் சார் கோளாறு? இங்க இன்னும் ரெண்டு மூணு பேரு இதே மாதிரி போன் வாங்கிட்டு, அடிக்கலன்னு சொல்றாங்க. கேட்டா சொல்லலாம்ல?"

"கோளாறே இல்லம்மா. குப்புற வச்சா அடிக்காது, மல்லாக்க வச்சா அடிக்கும். மல்லாக்க வைக்கச் சொல்லுங்க."